சைக்கிள் கொடுத்தாச்சு, பஞ்சர் ஒட்டுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பணக்கார நாடுகளில் வீட்டுக் கொட்டகையில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய சைக்கிள்களையும் கம்ப்யூட்டர்களையும் சேகரித்து, கன்டெய்னரில் ஏற்றி ஆப்பிரிக்காவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் அனுப்புகிறவர்களைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் படித்து முடித்ததும் ஒரு கேள்வி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்தச் சைக்கிள் அங்கே போய் இறங்கி, ஆறு மாதம் ஓடி, பஞ்சர் ஆனால் யார் ஒட்டுவது?

கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். என் அப்பா அம்மாபேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் அதே கடையைப் பாதியாகத் தடுத்து, முன்பக்கம் பழைய லேப்டாப், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன், பின்பக்கம் இன்னும் பஞ்சர் ஒட்டுகிறோம். தானமாக வந்த சைக்கிள், தானமாக வந்த கம்ப்யூட்டர், ரெண்டும் கடைசியில் வந்து படுக்கிற இடம் எங்கள் கடை மாதிரி இடம்தான்.

அப்பாவிடம் வாடகைக்குப் பத்து வண்டி இருந்தது. பத்தும் ஒரே மேக், ஒரே சைஸ், 28 இஞ்ச் டயர். பையன்கள் குரங்கு பெடல் போட்டுப் பழக மட்டும் ரெண்டு சின்ன வண்டி தனியாக. ஒருமுறை யாரோ அடிமாட்டு விலைக்கு நாலு வேறு மேக் சைக்கிள் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது அது முட்டாள்தனமாகத் தெரிந்தது. "ஒரு பெட்டி சாமான் வெச்சிருந்தா பத்து வண்டிக்கும் பத்தணும்டா, இந்த நாலுக்கு நான் நாலு பெட்டி வெக்கணும்" என்றார். அது கணக்கு.

இன்னொரு நாள், ஏற்காட்டுக்கு மிதித்துக்கொண்டு போக வந்த பெங்களூர் இளைஞர் ஒருவர் விலை உயர்ந்த இறக்குமதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஞ்சரை அப்பா பத்து நிமிஷத்தில் ஒட்டிவிட்டார், காத்துதான் அடிக்க முடியவில்லை. அந்த வால்வு ஒல்லியாக, குச்சி மாதிரி, திருகித் திறக்கிற வகை. நம் ஊர் வண்டியில் வால் டியூப் மாட்டுகிற வால்வு, நம் பம்பின் வாய் அதற்குத்தான் பொருந்தும். ஆயிரக்கணக்கில் விலை போட்டு வாங்கிய வண்டி, காத்து உள்ளே போக ஒரு சின்ன நாசில் இல்லாமல் கடை வாசலில் சாயங்காலம் வரை நின்றது. இப்போது அந்தக் கன்டெய்னரை நினைத்துப் பாருங்கள். நானூறு ஐநூறு சைக்கிள், அத்தனையும் வேறு வேறு வீட்டிலிருந்து வந்தவை, வேறு வேறு டயர் சைஸ், கியர், வால்வு. அதை இறக்குகிற ஊரில் ஒரு மெக்கானிக் இருந்தால் அவருக்குத் தலை சுற்றாதா?

இதைச் செய்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை, அதைத்தான் உங்கள் கட்டுரை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1991-ல் தொடங்கிய பெடல்ஸ் ஃபார் புரோகிரஸ் என்ற அமைப்பு சைக்கிளை இலவசமாகக் கொடுப்பதில்லை. நிகராகுவா போன்ற நாடுகளில் உள்ளூர் கூட்டாளி ஒருவரிடம் அனுப்புகிறார்கள், அவர் பழுது பார்த்து ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலைக்கு விற்கிறார், அந்தப் பணத்தில் அடுத்த கன்டெய்னருக்கான செலவும் கடையின் வாடகையும் நடக்கிறது. கேட்டவுடன் 'தானம் கொடுத்ததை விற்பதா?' என்று தோன்றும். எனக்கு அது சரியாகப் படுகிறது. விற்றால்தான் அங்கே ஒரு கடை இருக்கும், கடை இருந்தால்தான் ஸ்பேனர் பிடிக்கிற ஒரு ஆள் இருப்பார்.

வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப் என்ற இன்னொரு அமைப்பு பழைய வண்டியையே தொடுவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு 2005-ல் பக்கத்து இலங்கையில்தான் முதலில் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள், பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். அங்கே கரடுமுரடான பாதைக்கென்றே ஒரு மாடல் வடிவமைத்தார்கள், பேர் பஃபலோ, நம் எருமைதான். நல்ல கனம், பின்னால் பெரிய கேரியர், நூறு கிலோ மூட்டை தாங்கும், பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும். உதிரி சாமான் எல்லா ஊரிலும் ஒன்றே. கூடவே ஊருக்கு ஊர் மெக்கானிக்குக்குப் பயிற்சி கொடுத்து டூல்ஸும் கொடுக்கிறார்கள். அம்மாபேட்டைக் கடையில் அப்பா சொன்ன ஒரு பெட்டி சாமான் கணக்கு, ஜாம்பியாவில் பெரிய அளவில் நடக்கிறது.

பலன் இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஜாம்பியாவில் தொலைவிலிருந்து நடந்து வரும் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பள்ளிக்குப் போகும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது, லீவு போடுவது நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நம் நாட்டிலேயே பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்களில்தான் பலன் அதிகம். ஆச்சரியம் ஒன்றும் இல்லை, பக்கத்துத் தெருவில் பள்ளி இருந்தால் சைக்கிள் எதற்கு?

நமக்கு இதைப் பாட்னாவிலிருந்து கற்க வேண்டியதும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று பெண்கள் பார் வைத்த ஆம்பளை வண்டியிலேயே ஏறினார்கள். கல் உடைக்கிற பெண்கள், பூ விற்கிற பெண்கள், அங்கன்வாடி ஆயாக்கள். தானமாக எதுவும் வரவில்லை, வீட்டில் இருந்த வண்டியை எடுத்துக்கொண்டார்கள், சிலர் வங்கிக் கடனில் வாங்கினார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டு அரசின் இலவச சைக்கிள் 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு என்று தொடங்கி, பிறகு எல்லாருக்கும் ஆனது. அந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறவன். என் அண்ணன் மகள் அந்த வண்டியில்தான் ப்ளஸ் டூ முடித்தாள்.

ஆனால் வண்டி கொடுக்கிற நாளில் எங்கள் கடை வாசலை நீங்கள் பார்க்க வேண்டும். பள்ளியிலிருந்து நேராகத் தள்ளிக்கொண்டே வருவார்கள், ஓட்டிக்கொண்டு வர முடியாது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் பார்க்கும், வீல் ஒரு பக்கம் பார்க்கும். பிரேக் கட்டை ரிம்மைத் தொடாது, செயின் தொங்கும், ஸ்போக்ஸ் லூசாக இருப்பதால் ரெண்டாவது வாரமே பெண்டு எடுக்கச் சொல்லி வருவார்கள். யாரோ எங்கோ அவசரத்தில் நட்டைக் கையால் சுற்றி அனுப்பியிருப்பார்கள். மொத்த வண்டியையும் பிரித்து கிரீஸ் வைத்துப் பூட்டித் தர ஒரு தொகை ஆகும். அது எவ்வளவு உழைத்தாலும் கையில் காசு நிற்காத குடும்பத்துக்குப் பெரிய தொகை. அதனால் பாதிப் பேர் அப்படியே ஓட்டுவார்கள். அப்படியே ஓட்டினால் ஒரு வருஷத்தில் பெடல் மரை கழண்டு கிராங்கே போய்விடும். பிறகு அந்த வண்டி வீட்டுப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கும்.

சமவெளியிலாவது சுவரில் சாய்வதற்கு முன் ஒரு வருஷம் ஓடுகிறது. மேலே சேர்வராயன் மலைக்குப் போங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போனாலும் தரை எங்கே இருக்கிறது? ஊருக்கு ஊர் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். நம் சாதாரண சைக்கிளில் பின்னால் 18 பல் ஃப்ரீவீல், முன்னால் பெரிய பல் சக்கரம், சமவெளிக்கு அளந்து செய்தது. ஏற்றத்தில் யாராலும் மிதிக்க முடியாது, தள்ளத்தான் வேண்டும். இறக்கம் இன்னும் மோசம். மூடுபனியில் ரிம் நனைந்திருக்கும்போது ரப்பர் கட்டை எதையும் பிடிக்காது. பின்னால் 22 பல் போட்டு, நல்ல பிரேக் கட்டை மாற்றினால் ஏரியைச் சுற்றியாவது ஓட்டலாம். அதைச் சொல்ல ஆள் வேண்டுமே.

நாகலூர்ப் பக்கம் ஒரு மலையாளிக் குடும்பத்து (கேரளக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி) வீட்டுத் திண்ணையில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்தேன். பேத்திக்கு வந்த வண்டி. பேத்தி இப்போது கீழே நர்சிங் படிக்கிறாள். ஸ்டாண்டு போட்டு நிற்கிற வண்டியின் பார் மேல் துணி காய்கிறது, கேரியரில் மிளகு மூட்டை. உறையைக் கூட முழுசாகப் பிரிக்கவில்லை, சீட்டில் பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. ஏன் ஆயா ஓட்டவே இல்லையா என்றேன். "ஏங் கண்ணு, இதுல ஏறி எங்க போறது? எறங்குனா கெணத்துலதான் போய் நிக்கும்" என்று சிரித்தார். விற்கவும் மனசில்லை, பேத்தி பேரில் வந்தது.

நான் மலைக்குப் போனது சைக்கிளுக்காக இல்லை. என்னோடு படித்த நண்பர் ஒருவர் அங்கே ஒரு பள்ளியில் வாத்தியார். பெரிய கம்பெனி ஒன்று தன் பழைய கம்ப்யூட்டர் பன்னிரண்டைப் பள்ளிக்குக் கொடுத்திருந்தது. பூசணிக்காய் உடைத்து, போட்டோ எடுத்து, சுவரில் பெயரும் எழுதியாகிவிட்டது. எட்டு மாதமாக அறை பூட்டிக் கிடக்கிறது, "நெட்டு வரலப்பா, நீ ஒரு தடவ வந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தால் நெட் வருகிறது, மெதுவாகத்தான், ஆனால் வருகிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று நிற்கிறது. மூலையில் தேதியைப் பார்த்தேன். 2009 ஜனவரி. உள்ளே மதர்போர்டில் ஒரு காசு மாதிரி வட்ட பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று பேர், கரண்ட் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். பழைய கம்ப்யூட்டரில் அது செத்திருக்கும். மலையில் கரண்ட் போய்ப் போய் வருகிறது, ஒவ்வொரு முறையும் கடிகாரம் பின்னால் போய்விடுகிறது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுக்கு ஒரு தொடக்கத் தேதி, ஒரு முடிவுத் தேதி உண்டு. 2009-ல் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டருக்கு இன்றைய சான்று இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் நம்ப மறுக்கிறது. ஒரு டீ, ரெண்டு வடை காசுக்கு வாங்குகிற பேட்டரி. அது இல்லாமல் எட்டு மாதம் ஒரு வகுப்பறையே பூட்டு.

அடுத்த வாரம் பேட்டரி ஒரு அட்டை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். பன்னிரண்டில் ஒன்பது எழுந்துவிட்டது. மீதி மூன்றும் மின்னல் அடித்துப் போனவை, அவற்றைப் பிரித்து மற்றவற்றுக்கு ராம் போட்டேன். கொடுத்தவர்கள் ஹார்டுடிஸ்க்கைத் துடைத்துவிட்டு லைசென்ஸ் இல்லாத விண்டோஸைப் போட்டு அனுப்பியிருந்தார்கள், அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். நம் அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப்பிலேயே பாஸ் லினக்ஸ் என்று ஒன்று விண்டோஸ் கூடவே வந்தது, வாங்கியவர்களில் பலர் அந்தப் பக்கமே போனதில்லை. சிக்னல் வராத நாளுக்காக கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் பென் டிரைவில் கொண்டுபோய் ஏற்றினேன். நெட்டே இல்லாமல் படிக்கலாம். பிள்ளைகள் முதலில் தேடியது ஏற்காடு, இரண்டாவது நடிகர் விஜய். சரி, மூன்றாவதாக வேறு ஏதாவது தேடுவார்கள்.

உலகத்திலும் இதே கதைதான். நூறு டாலர் லேப்டாப் என்று 2005-ல் பெரிய சத்தத்தோடு அறிவித்தார்கள், பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டம். பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளில் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கொடுத்த பள்ளி, கொடுக்காத பள்ளி ரெண்டையும் ஒப்பிட்டு 2012-ல் வந்த ஆய்வில் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை. கருவி மட்டும் போய் இறங்கியது, அதை வைத்து என்ன பாடம் நடத்துவது என்று வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுப்பது போதவில்லை. தானம் என்று பேர் போட்டு ஓடாத பழைய எலக்ட்ரானிக் சாமானைக் கன்டெய்னரில் அனுப்பிக் குப்பை கொட்டுகிற வியாபாரமும் இருக்கிறது. கானா நாட்டு அக்போக்புலோஷியில் செம்புக்காக ஒயரை எரித்துக்கொண்டிருந்த பையன்களைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே படித்த ஞாபகம்.

கட்டுரையில் ஒரே வரியில் வந்து போன விஷயம் ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. குவாத்தமாலாவில் சான் அந்திரேஸ் இட்சாபா என்ற ஊரில் மாயா பெடல் என்ற பட்டறை. பழைய தான சைக்கிளை வெட்டி ஒட்டி, மிதித்தால் தண்ணீர் இறைக்கிற, சோளம் அரைக்கிற இயந்திரமாக மாற்றுகிறார்கள். காபிப் பழத்தின் தோல் உரிக்கிற இயந்திரமும் செய்கிறார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். காபி! ஏற்காட்டில் 1820 வாக்கில் காக்பர்ன் என்ற வெள்ளைக்கார கலெக்டர் கொண்டுவந்து வைத்த செடி, இன்று எஸ்டேட்காரர்களிடம் மட்டுமல்ல, அரை ஏக்கர் வைத்திருக்கிற மலையாளிக் குடும்பத்திடமும் இருக்கிறது. பழத்தைப் பறித்த அன்றே தோல் உரித்து, ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மெண்ட், அதற்கு ஒரு விலை. தோலோடு களத்தில் காயவைத்தால் செர்ரி, அதற்கு விலை குறைவு. தோல் உரிக்கிற இயந்திரமான பல்ப்பர் இல்லாத சின்ன விவசாயி செர்ரியாகவே கொடுத்துவிட்டுப் போகிறார். கழுவத் தண்ணீர் வேண்டும், கழுவின தண்ணீரை ஓடையில் விட்டால் நாறும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் திண்ணையில் துணி காய்கிற அந்தச் சைக்கிள்!

சைக்கிளை நிறுத்தி வைத்து வேலை வாங்குவது நமக்குப் புதுசு ஒன்றுமில்லை. சாணை பிடிக்கிறவர் தெருவில் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஏறி மிதித்துக் கல்லைச் சுற்றவில்லையா? எங்கள் அம்மாபேட்டையில் தறி வீடுகளில் நெசவுக்கு நூல் தார் சுற்றுகிற ராட்டைக்குச் சைக்கிள் ரிம்தான் சக்கரம். பெண்டு எடுக்க முடியாத ரிம்மை அப்பா எடைக்குப் போட மாட்டார், யாராவது ஒரு அக்கா வந்து ராட்டைக்குக் கேட்பார் என்று ஆணியில் மாட்டி வைத்திருப்பார். குவாத்தமாலாக்காரர் செய்வதைப் பார்த்து நாம் வாயைப் பிளக்க வேண்டியதில்லை, மறந்ததை எடுத்தால் போதும்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக இல்லை. பிளஸ் ஒன் பிள்ளைக்குச் சைக்கிள் கொடுக்கும்போது கூடவே ஒரு பம்பு, ரெண்டு ஸ்பேனர், ஒட்டு, சொல்யூஷன் கொடுங்கள். என் கணக்கில் ஒரு சைக்கிள் விலைக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாம். கொடுக்கிற அன்றைக்குப் பக்கத்து ஐ.டி.ஐ. பையன்களை வரவழைத்து ஒவ்வொரு வண்டியையும் பிரித்துப் பூட்டச் சொல்லுங்கள், கூலி கொடுத்து. பெண் பிள்ளைகளுக்கும் அப்போதே பஞ்சர் ஒட்டக் காட்டிக்கொடுங்கள், அரை மணி நேர வேலை. மலை மேல் இருக்கிற பிள்ளைக்குச் சைக்கிள் வேண்டுமா, அதே காசுக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கிற கம்பெனிகள், சுவரில் பேர் எழுதுகிற பெயிண்டர் கூலியில் மிச்சம் பிடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போக உள்ளூர் ஆள் ஒருவருக்கு பஸ் காசு கொடுத்தால் போதும்.

நானும் சும்மா இருக்கவில்லை. திண்ணைச் சைக்கிளை மிதித்துக் காபிப் பழத் தோல் உரிப்பது பற்றி, கொண்டலாம்பட்டியில் லேத் வைத்திருக்கிற நண்பரிடம் பேசியாகிவிட்டது. நாகலூர் ஆயாவிடமும் வண்டியைக் கேட்டேன். பேத்தியிடம் போனில் சொல்லிவிட்டுத் தருகிறேன் என்றார், வண்டியை வெட்டக்கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு. சரி, வெட்டாமல் பின் சக்கரத்திலிருந்து பெல்ட் எடுத்துக்கொள்ளலாம், சாணைக்காரர் மாதிரி. நவம்பரில் பழம் பழுக்க ஆரம்பித்துவிடும், அதற்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்களுக்குக் குறைவது ஒன்றுதான்: கையால் சுற்றுகிற பழைய சின்ன பல்ப்பர், டிரம் நல்லபடியாக இருந்தால் போதும், துரு பரவாயில்லை. எந்த எஸ்டேட் ஸ்டோரிலாவது மூலையில் கிடந்தால் உங்கள் அலுவலகம் வழியாகத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். இலவசமாக வேண்டாம், விலை சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.